சேற்றில் இறங்கிய டிராக்டரும் அதைப் பார்த்துக்கொண்டவர்களும்

ஏர் மாடுகளைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நண்பர்கள் சிலர் போனில் பிடித்துக்கொண்டார்கள். "மாட்டைப் பற்றி இவ்வளவு உருகுகிறீரே, வாழ்நாள் முழுக்க டிராக்டரைக் காட்டிச் சம்பளம் வாங்கியவர் அதைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டீரா?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். டிராக்டர் ஓட்டவும் பராமரிக்கவும் சொல்லிக்கொடுக்கிற ஒரு நிலையத்தில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எத்தனை பையன்களுக்குச் சொல்லியிருப்பேனோ கணக்கில்லை. இன்று அந்தப் பாடத்தோடு கொஞ்சம் சரித்திரத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

டிராக்டர் சரித்திரம் என்று எழுதப்பட்டிருப்பதெல்லாம் பெரும்பாலும் கம்பெனிகளின் சரித்திரம். எந்த ஆண்டு எந்தத் தொழிற்சாலை, எத்தனை குதிரைத்திறன், எத்தனை வண்டி விற்றது என்று போகும். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு நாற்பது ஆண்டு ஓடுகிறது என்றால், அந்த நாற்பது ஆண்டும் யாரோ ஒருவர் தினமும் காலையில் அதன் ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறார். அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

முதலில் கம்பெனிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டியது 1897-ல். தீப்பொறி பிளக் இல்லாமல், காற்றை மட்டும் இறுக்கி அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்ற வைப்பதுதான் அவருடைய யோசனை. 1913-ல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் மனிதர் காணாமல் போய்விட்டார். அவர் காலத்து எஞ்சின் ஒரு அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். அதைச் சின்ன வண்டிகளுக்குள் அடங்குகிற அளவுக்கு வேகமான எஞ்சினாக மாற்றியவர்களில் ஒருவர், 1932-ல் இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் கம்பெனி தொடங்கிய பிராங்க் பெர்கின்ஸ்.

இன்னொருவர் ஹாரி ஃபெர்குசன். வட அயர்லாந்துக்காரர், விவசாயி மகன். முதல் உலகப் போர்க் காலத்தில், அயர்லாந்தில் இருந்த டிராக்டர்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பை அரசு அவரிடம் கொடுத்தது. ஊர் ஊராகப் போய்ப் பார்த்ததில் அவருக்கு ஒன்று புரிந்தது. கலப்பையை மாட்டுவண்டிக்குப் பின்னால் கட்டுகிற மாதிரி டிராக்டருக்குப் பின்னால் சங்கிலியால் கட்டி இழுக்கிறார்கள்; கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் வண்டியின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுபவர் மேலேயே கவிழ்ந்துவிடுகிறது. கலப்பையை வண்டியின் அங்கமாகவே ஆக்கிவிட்டால் என்ன என்று அவர் யோசித்ததன் விளைவுதான் மூன்று புள்ளி இணைப்பும், கலப்பையின் இழுவைக்கு ஏற்பத் தானே ஏறி இறங்கும் ஹைட்ராலிக்கும். இன்றைக்கு உலகத்தில் எந்த டிராக்டரின் பின்னால் போய் நின்று பார்த்தாலும் அந்த மூன்று கைகள் தெரியும். மேலே இருக்கிற ஒற்றைக் கைக்கு 'டாப் லிங்க்' என்று பெயர். அதை எங்கே மாட்டுகிறோம் என்பதில் உயிரே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஃபெர்குசனின் சின்னச் சாம்பல் நிற வண்டி, டிஇ-20, 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கு மேல் ஓடி வந்தது. 1951-ல் அதற்கு டீசல் எஞ்சினும் வந்தது. பிறகு கம்பெனி மாஸி ஃபெர்குசன் ஆயிற்று. அதன் 35 என்ற வண்டிக்கு மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின் பொருத்தினார்கள். நம் ஊரில் நாம் 'மாஸி' என்று சொல்லிப் பழகிய 1035 அந்தக் குடும்பத்தில் வந்ததுதான்.

இந்தியாவில் முதலில் டிராக்டர் கட்டியது ஐஷர், 1959-ல், ஃபரிதாபாத்தில். ஜெர்மன் வழியில் வந்த, காற்றால் குளிரூட்டப்படும் எஞ்சின். அடுத்த ஆண்டே, 1960-ல், சென்னையில் டாஃபே தொடங்கியது. செம்பியத்தில் தொழிற்சாலை. அதன் பின்னணியில் இருந்தது அமால்கமேஷன்ஸ் குழுமம். எஞ்சின் கொடுத்தது சிம்சன். 1840-ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய அதே சிம்சன்தான், பெர்கின்ஸ் உரிமத்தில் டீசல் எஞ்சினும் செய்தது. ஹாரி ஃபெர்குசன் இறந்ததும் அதே 1960-ல்தான். பிறகு மஹிந்திரா, எஸ்கார்ட்ஸ், எச்.எம்.டி., ஸ்வராஜ் என்று வரிசையாக வந்தன. வெளிநாட்டில் இருந்தும் சின்ன ரஷ்ய வண்டிகளும் செக்கோஸ்லோவேகியாவின் செட்டரும் கப்பலில் வந்து இறங்கின. உள்ளூர் வண்டி வேண்டும் என்றால் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிடலாம், டிராக்டர் கிடைக்காது என்று அப்போது சொல்லுவார்கள்.

கம்பெனிக் கதை போதும். நம் பக்கத்துக்கு வருவோம்.

பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் டிராக்டர் ஏன் இவ்வளவு சீக்கிரம் பரவியது என்று கேட்டால், "உழைப்பு மிச்சம்" என்று எல்லாரும் சொல்லுவார்கள். என் அபிப்பிராயம் வேறு. அவசரம்தான் காரணம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து, குறுவை நட்டு அறுக்கும்போது புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்துவிடும். அறுத்த கையோடு தாளடிக்குச் சேறாக்க வேண்டும். அதே நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை வந்து உட்கார்ந்துகொள்ளும். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும். இந்தச் சில வாரங்களில் உழுது, புரட்டி, பரம்படித்து நடவேண்டும்.

ஒரு ஏர், விடிகாலையில் பூட்டினால் உச்சி வெயிலுக்குள் ஒரு மா நிலம் உழும். நல்ல மாடாக இருந்தால் கொஞ்சம் கூட. ஒரு வேலி என்பது 20 மா. மூன்று சால், நாலு சால் ஓட்டினால்தான் சேறு பதம் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு வேலிக்கு 60 முதல் 80 ஏர் நாள். ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஏர் வேண்டும் என்றால் யார் யாருக்குக் கொடுப்பது? இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர் ஒரு வேலியை ஒரு சால் ஓட்ட ஒரு பகல் பொழுது போதும்.

1960-ல் தஞ்சாவூரில் 'பேக்கேஜ் திட்டம்' வந்தது. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது. மூன்றரை மாதத்தில் விளைகிற நெல். இரண்டு போகம் என்ற ஆசை ஊருக்கு ஊர் பிடித்துக்கொண்டது. விதை வேகமானது, உழவு பழைய வேகத்திலேயே நின்றது. அந்த இடைவெளிக்குள்தான் டிராக்டர் புகுந்தது. 1969-ல் வங்கிகள் தேசியமயமான பிறகு கடனும் கிடைக்கத் தொடங்கியதால், பெரிய மிராசு மட்டும் வாங்கிக்கொண்டிருந்த வண்டியை நடுத்தரக் குடியானவர்களும் வாங்கி, தன் நிலம் போக மற்ற நிலத்துக்கு மணிக் கணக்கில் வாடகைக்கு ஓட்டினார்கள்.

ஆனால் இந்த வண்டியைச் சேற்றுக்கு என்று யாரும் செய்யவில்லை. இங்கிலாந்தின் உலர்ந்த மண்ணில் மண் புரட்டுகிற கலப்பையை இழுக்கச் செய்தது. அதை முழங்கால் ஆழத் தொழியில் இறக்கினால் என்னென்ன நடக்கும் என்று நம் ஆட்கள்தான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

சேறு முதலில் தேடுவது ஆயில் சீல்களைத்தான். பின் அச்சின் சீல் தேய்ந்தால் தண்ணீர் உள்ளே போகும்; பல் சக்கரப் பெட்டியின் ஆயில் பால்காப்பி நிறத்துக்கு வந்துவிடும். அந்த நிறத்தைப் பார்த்த அன்றைக்கே ஆயிலை இறக்காவிட்டால் அடுத்தது பேரிங் செலவு. பிரேக் டிரம்முக்குள் சேறு போனால் லைனிங் உப்பு காகிதம் மாதிரி டிரம்மைத் தேய்க்கும். கிளச் உறையின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். கசிகிற ஆயில் கிளச் தட்டில் படாமல் வெளியே சொட்டிப் போவதற்கு. சேற்றில் இறங்கும்போது அந்தத் துளையைத் திருகால் அடைக்க வேண்டும். கரையேறியதும் திறந்துவிட வேண்டும். அடைக்க மறந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே, திறக்க மறந்தால் ஆயில் உள்ளே. இரண்டிலும் கிளச் போகும். ஒரு விரல் பருமன்கூட இல்லாத அந்தத் திருகு எத்தனை பேருடைய சாகுபடியைத் தாமதம் செய்திருக்கிறது தெரியுமா?

கோடையில் கதை தலைகீழ். டிரெய்லர் கட்டிக்கொண்டு எரு, செங்கல், வைக்கோல் என்று ஓடும்போது புழுதிதான் எதிரி. பழைய வண்டிகளில் காற்று வடிகட்டி ஒரு ஆயில் கிண்ணம். உள்ளே வரும் காற்று ஆயிலில் மோதித் தூசியை விட்டுவிட்டுப் போகும். தூசி அடியில் தங்கத் தங்க ஆயில் களி மாதிரி ஆகும். அப்போது கிண்ணத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, குறியிட்ட அளவுக்குப் புது ஆயில் ஊற்ற வேண்டும். குறிக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சும். புழுதி அதிகமான நாட்களில் தினமும் பார்க்க வேண்டிய வேலை இது. பார்க்காத வண்டியில் தூசி நேரே சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் அறுக்கும். பிறகு வண்டி நீலப் புகை விட்டுக்கொண்டு, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். "வண்டி பழசாகிவிட்டது" என்பார்கள். பழசாகவில்லை, மண் தின்றிருக்கிறது. காற்றால் குளிர்கிற எஞ்சினாக இருந்தால், சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு இடையே வைக்கோல் தூசியும் சேறும் அடைத்துக்கொள்ளாமல் சுத்தம் செய்யும் வேலையும் உண்டு. தண்ணீரால் குளிர்கிறது என்றால் ரேடியேட்டர் முன்னால் கட்டிய வலை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டது யார் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

பெரும்பாலான ஊர்களில் டிராக்டரை வாங்கியவர் ஓட்டவில்லை. ஓட்டியவர்கள் பலர், அதுவரை அந்தப் பண்ணையில் ஏர் ஓட்டியவர்களின் பிள்ளைகள். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு டிரைவர் அண்ணன் இருந்தார். பெயர் சொல்லவில்லை, குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவருடைய அப்பா ஒரு மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்து ஏர் கட்டியவர். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது ராஜாஜி அரசாங்கம் என்ன சொன்னது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. சட்டம் வந்த பிறகும் அதே மாடு, அதே நிலம். டிராக்டர் வந்ததும் மாட்டை விற்றுவிட்டார்கள். அப்பாவுக்கு ஏர் வேலை போயிற்று. மகன் அதே டிராக்டரில் கிளீனராக ஏறினார்.

அந்தக் காலத்துத் தஞ்சாவூரில் இதைச் சொல்லும்போது மற்றதையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்தன. அதற்குக் கூலித் தகராறும் சாதியும் சங்கம் வைத்த கோபமும் காரணம். டிராக்டரை அதற்குள் இழுப்பது நியாயமில்லை. ஆனால் அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தபோது, "கூலி இவ்வளவு என்றால் ஆளே வேண்டாம், மெஷின் போதும்" என்ற பேச்சைத் திண்ணைகளில் என் காதால் கேட்டிருக்கிறேன். 1970-ல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரில் இருந்து 15 ஆகக் குறைந்தபோதும், குத்தகைக்கு விட்டிருந்ததைத் திரும்ப எடுத்துச் சொந்தப் பயிர் செய்ய டிராக்டர் தைரியம் கொடுத்தது. பொருளாதாரம் படித்தவர்கள் எழுபதுகளில் டிராக்டரால் வேலை போயிற்றா கூடிற்றா என்று நிறைய வாதாடினார்கள். எங்கள் ஊரில் நான் பார்த்தது இரண்டும்தான். ஏர் ஓட்டிய ஆண்களுக்கு வேலை குறைந்தது. இரண்டாம் போகம் வந்ததால் நடவுப் பெண்களுக்கு நாள் கூடியது. ஒரே வீட்டுக்குள் புருஷனுக்கு ஒரு கணக்கு, மனைவிக்கு ஒரு கணக்கு.

அந்த டிரைவர் அண்ணன் கதைக்கு வருகிறேன். நான் அவரிடம் கற்றுக்கொண்டது பயிற்சி நிலையத்துப் புத்தகத்தில் கற்றதைவிட அதிகம். காலையில் வண்டியிடம் போனதும் அவர் முதலில் பார்ப்பது வண்டியை இல்லை, வண்டிக்கு அடியில் இருக்கும் தரையை. ராத்திரி என்ன சொட்டியிருக்கிறது? டீசலா, ஆயிலா, தண்ணீரா? அதற்குப் பிறகுதான் ஆயில் குச்சி, ரேடியேட்டர், ஃபேன் பெல்ட். பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்துவார், அரை அங்குலம் அமுங்க வேண்டும். பிறகு டீசல் வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்ப்பார். அடியில் முத்து மாதிரி தண்ணீர் உருண்டு நிற்கும். அதை இறக்காமல் சாவியைத் தொட மாட்டார்.

டீசல் எஞ்சினில் எல்லாவற்றையும்விட நுணுக்கமானது பம்பும் நாசிலும்தான். மயிரிழையைவிட மெல்லிய இடைவெளியில் உருக்கோடு உருக்கு வழுக்கி ஓடும். அந்த வழுக்கலுக்கு எண்ணெய் டீசலேதான்; வேறு ஆயில் கிடையாது. டீசலில் தண்ணீர் இருந்தால் துரு, மண் இருந்தால் கீறல், மண்ணெண்ணெய் கலந்தால் வழுக்கலே இல்லை. மூன்றில் எது நடந்தாலும் பெரிய செலவு. இதில் மண்ணையும் கலப்படத்தையும் பற்றி எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

காலி டேங்கில் இருக்கும் காற்றில் இருந்து வருகிறது. பகல் சூட்டில் இருக்கும் காற்று ராத்திரி குளிர்ந்தால் டேங்கின் உள்சுவரில் வியர்க்கும். மார்கழி மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் வேலை முடிந்ததும் சாயங்காலமே டேங்கை நிரப்பி வைக்க வேண்டும், காலையில் இல்லை. உலகத்தில் எந்த டிராக்டர் கைப்புத்தகத்திலும் இது இருக்கும்.

எங்கள் பக்கம் எத்தனை வீட்டில் அப்படிச் செய்தார்கள்? செய்ய விடவில்லை. நிரம்பிய டேங்கோடு ராத்திரி வண்டி நின்றால் டிரைவர் டீசலை இறக்கி விற்றுவிடுவான் என்ற பயம். அதனால் சாயங்காலம் டேங்கைக் காலியாக விட்டு, காலையில் முதலாளி எழுந்து காப்பி குடித்துவிட்டு வந்து, டிரம்மின் பூட்டைத் திறந்து அளந்து ஊற்றுவார். அதுவும் அப்போதுதான் உருட்டி நிமிர்த்திய டிரம்மில் இருந்து, அடி மண் கலங்கியதோடு. டிரைவர் அண்ணன் ஒரு முறை சொன்னார்:

"என்னை நம்பாதது எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. எங்கப்பனையும் நம்பல, அவருக்கு என்ன ஆயிருச்சு. ஆனா இந்த பம்புக்கு அது தெரியாதே. அது பாட்டுக்குத் தண்ணியக் குடிச்சுட்டுச் செத்துப்போவும்."

அவர் தன் முதலாளியிடம் இதற்காகச் சண்டை போடவில்லை. ஒரு நாள் காலையில் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி, இறங்கிய தண்ணீரை ஒரு மருந்து பாட்டிலில் பிடித்து, திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் வைத்தார். ஒரு வாரம் பாட்டில்கள் வரிசையாக நின்றன. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் டிரம்மின் சாவி அதற்குப் பிறகு டிரைவர் அண்ணன் இடுப்புக்கு வந்துவிட்டது. டிரம்மை இரண்டு செங்கல் மேல் ஒருபக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, ஒரு நாள் அசையாமல் தெளிய விட்டு, மேலாகக் குழாய் போட்டு எடுப்பார். அடியில் நாலு விரல் அளவு டீசலை வண்டிக்கு ஊற்றவே மாட்டார். அது கருவிகளைக் கழுவ.

அவரிடம் ஒரு 40 பக்க நோட்டு இருந்தது. மணி மீட்டரின் கேபிள் அறுந்துபோன பிறகு, எத்தனை மணி ஓடியது என்று தினமும் எழுதி வைத்தார். இடது பக்கம் யார் வயல், எத்தனை மணி. வலது பக்கம் ஆயில் மாற்றியது, கிரீஸ் அடித்தது, எந்த நாசிலை எடுத்து சர்வீஸுக்குக் கொடுத்தது. 250 மணிக்கு ஒரு முறை எஞ்சின் ஆயில் என்று அவராகக் கோடு போட்டு வைத்திருப்பார். சரித்திர ஆசிரியர்கள் கல்வெட்டைத் தேடுகிறார்கள். எழுபதுகளில் எங்கள் ஊரில் யார் எத்தனை மா பயிர் வைத்தார்கள், எந்த வருஷம் மழையில் உழவு பத்து நாள் நின்றது, எந்த ஆண்டு யார் வாடகை பாக்கி வைத்தார்கள் என்பதெல்லாம் அந்த நோட்டில் இருந்தது. ஏட்டில் தன் கூலியை மட்டும் எழுதவில்லை.

டிராக்டர் கொன்றவர்களையும் சொல்ல வேண்டும். வண்டி தொழியில் புதைந்துவிட்டால் பின் சக்கரத்துக்குக் குறுக்கே மரக்கட்டையைக் கயிற்றால் கட்டி, கியர் போட்டு முன்னால் ஏற்றுகிற பழக்கம் எங்கும் இருந்தது. சக்கரம் கட்டையோடு மாட்டி நின்றுவிட்டால், எஞ்சினின் வேகம் எங்கே போகும்? சக்கரத்தைச் சுழற்ற முடியாதபோது அது வண்டியையே அச்சைச் சுற்றிச் சுழற்றும். முன்பக்கம் எழும்பி ஓட்டுபவர் மேல் கவிழ ஒன்றிரண்டு நொடி போதும். கிளச்சை மிதிக்கலாம் என்று நினைப்பதற்குள் முடிந்துவிடும். கனமான சுமையைக் கீழே உள்ள கொக்கியில் கட்டாமல் டாப் லிங்க் இடத்தில் கட்டி இழுத்தாலும் இதே கதைதான். ஃபெர்குசன் எந்த விபத்தைத் தடுக்க அந்த மூன்று கைகளைக் கண்டுபிடித்தாரோ, அதே விபத்தை நாம் கயிறு கட்டித் திரும்பக் கொண்டுவந்தோம். புதைந்த வண்டியை, கலப்பையைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் பின்னால் மண்ணைத் தோண்டி, பின்னோக்கி எடுக்க வேண்டும். முடியாவிட்டால் இன்னொரு வண்டியைக் கூப்பிட வேண்டும். அதற்கு முதலாளி பணம் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டு. அதன் மேல் மூடி இருக்க வேண்டும். கதிரடிக்கும்போது இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். வேட்டி நுனியோ துண்டோ அதில் சுற்றினால் மனிதனையும் இழுக்கும். நான் வகுப்பில் முதல் நாள் பையன்களுக்குச் சொன்ன முதல் விஷயம் கியரும் கிளச்சும் இல்லை. வேட்டியை மாற்றி டவுசர் போட்டுக்கொண்டு வா என்பதுதான். இரண்டாவது, ரோட்டில் ஏறும் முன் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துக் கொக்கி போடு. வயலில் திரும்புவதற்காகத்தான் பெடல் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ரோட்டில் வேகமாகப் போகும்போது ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமே புரளும்.

பவர் டில்லரைப் பற்றி எழுதாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். பெங்களூரில் மிட்சுபிஷி கூட்டுறவில் வி.எஸ்.டி.யும், கேரளாவில் குபோட்டா வழியில் காம்கோவும் செய்த இரண்டு சக்கர வண்டி. ஒற்றை சிலிண்டர். யாழ்ப்பாணத்து நண்பர்கள் இதே மாதிரி வண்டியை 'லேண்ட்மாஸ்டர்' என்றே சொல்லுவார்கள். முதலில் வந்த பிரிட்டிஷ் வண்டியின் பெயர் எல்லா வண்டிக்கும் பெயராகிவிட்டது. நம் சேற்றுக்கு அதுதான் பொருத்தம் என்று நிபுணர்கள் சொன்னார்கள், நானும் சொன்னேன். கனம் குறைவு, புதையாது, மூலை முடுக்கெல்லாம் திரும்பும். ஆனால் அதன் பின்னால் நாள் முழுக்க நடக்க வேண்டும், கைப்பிடியின் அதிர்வு தோள் வரை ஏறும். உட்கார்ந்து ஓட்டுகிற கௌரவமும் டிரெய்லர் வாடகையும் பெரிய டிராக்டரின் பக்கமே இருந்தன. உழவு ஆண்டுக்கு இரண்டு மாதம். மீதிப் பத்து மாதம் வண்டிக்குச் சோறு போட்டது டிரெய்லர்.

இப்போது வருகிற வண்டிகளில் பவர் ஸ்டீயரிங், ஆயிலில் மூழ்கிய பிரேக், உலர் காற்று வடிகட்டி எல்லாம் வந்துவிட்டன. சேற்றுக்கென்றே நாலு சக்கரமும் இழுக்கும் சின்ன வண்டிகளும் உண்டு. பிரேக்குக்குள் சேறு போகிற பிரச்சினை பாதி தீர்ந்தது. உலர் வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்கிறேன் என்று தரையில் ஓங்கி அடித்துக் கிழித்துவிட்டு, அதையே திரும்ப மாட்டுகிற புது வழக்கம் வந்திருக்கிறது. ஆயில் கிண்ணத்தில் இருந்த நல்ல குணம், அழுக்கைக் கண்ணுக்குக் காட்டும். கூண்டுச் சக்கரத்தோடு தார் ரோட்டில் ஓட்டி ரோட்டைப் பொத்தல் ஆக்குவது மட்டும் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

டிரைவர் அண்ணன் பார்த்துக்கொண்ட மாஸி, பெரியவர் காலத்துக்குப் பிறகு இரண்டு கை மாறியது. இரண்டு முறை எஞ்சினை இறக்கி லைனர், பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். பம்பை மட்டும் அவர் காலம் வரை பிரிக்கவில்லை என்று அவர் மகன் சொன்னான். அவன் மன்னார்குடி ரோட்டில் நாசில் சோதித்துக் கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறான். நாசிலைப் பெஞ்சில் மாட்டி நெம்புகோலை அழுத்தினால், ஓட்டையில் இருந்து டீசல் பனிப்புகை மாதிரி சமமாகப் பிரிந்து வர வேண்டும், சொட்டக் கூடாது, சின்னதாக ஒரு கீச்சுச் சத்தம் வர வேண்டும். பட்டறையில் மின்சாரம் இல்லாத நேரத்திலும் அவன் வேலையை நிறுத்துவதில்லை; டார்ச் வெளிச்சத்தில் பார்க்கிறான், சத்தத்தைக் கேட்கிறான். நோட்டு இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. ஒரு நாள் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இங்கே போடலாம் என்று இருக்கிறேன். அவன் சம்மதிக்க வேண்டும்.